மிதிவண்டியும் மகிழுந்தும் – அங்காடி வழியில் ஒரு சிந்தனை

பகலில் கூடும் அங்காடியை நாளங்காடி என்றும், இரவில் கூடும் அங்காடியை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். மதுரையின் இவ்விரு அங்காடிகளையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. புகாரின் நாளங்காடி மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. ஊரின் இரு பகுதி மக்களும் வந்து கூடுதற்கு ஏற்ற நடுவிடத்தில் அங்காடி இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அங்காடிகளைப் பற்றி வகுப்பறையில் மணிக்கணக்கில் பேசும் நாம், நம் வீட்டிலிருந்து அங்காடிக்கு எவ்வாறு செல்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

தாம்பரமும் இரு பாக்கங்களாகப் பிரிந்த ஊரே. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்னும் இரண்டுக்கும் இடையே தண்டவாளம் கிடக்கின்றது. 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அன்று முதல் இவ்வூர் தென்புறநகரின் தலைவாயிலாயிற்று. தண்டவாளத்தின் மேற்கே ஜி.எஸ்.டி. சாலையும், அதிலிருந்து பிரியும் சண்முகம் சாலைக் கடைவீதியும் உள்ளன. கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என வேளச்சேரிச் சாலையை ஒட்டிக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. வடக்கே பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகின்றது. 2021ஆம் ஆண்டு இப்பகுதிகள் பலவும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின.

அதே பல்லாவரத்தில் வாழ்ந்தவர் மறைமலையடிகள். அவர் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்த சொல்லாக்க ஆர்வமே சைக்கிளை மிதிவண்டி என்றும், காரை மகிழுந்து என்றும் நம்மை எழுத வைத்தது. மிதித்தால் ஓடுவது மிதிவண்டி. பெயர் பொருளோடு பொருந்துகின்றது. மகிழுந்தின் பெயரோ ஓர் உறுதிமொழியைத் தருகின்றது. அங்காடிக்குச் செல்லும் வழியில் மகிழுந்து நமக்கு மகிழ்வைத் தந்ததா என்பதே நம் வினா.

அத்தாவின் வண்டி

நாம் பிறந்து வளர்ந்தது திருச்சியில். அத்தா சிறு வணிகர். அவரிடம் ஒரு கறுப்பு மிதிவண்டி இருந்தது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டி அது. ஹேண்டில்பாரில் இருபுறமும் இரு துணிப்பைகள் தொங்கும். பின் கேரியரில் அரிசி மூட்டை இருக்கும். பழைய டியூபைப் பட்டையாகக் கிழித்து அதனால் மூட்டையை இறுக்கிக் கட்டியிருப்பார். முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு நம்மை உட்கார வைப்பார். அந்த வண்டியில்தான் நாம் குரங்குப் பெடல் அடித்து மிதிக்கக் கற்றோம். முழங்காலில் அதன் வடு இன்றும் உள்ளது.

அத்தாவின் வண்டி கடைவீதியில் பத்து இடங்களில் நிற்கும். ஒரு காலை ஊன்றியபடியே விலை கேட்பார், நலம் விசாரிப்பார், நோயுற்றவர் வீட்டுக்குப் பழம் வாங்குவார். வறுமையால் அவர் மிதிவண்டியில் சென்றார் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணமே நம்மை ஒருநாள் மகிழுந்து வாங்கத் தூண்டியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மகிழுந்து வந்த பின்

2017ஆம் ஆண்டு நாம் மகிழுந்து வாங்கினோம். கையில் இருந்த பணம் போதவில்லை. எஞ்சியதற்கு ஐந்தாண்டுத் தவணையில் வட்டிக் கடன் பெற்றோம். வட்டி நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை அறியாதவர் அல்லோம். ‘இன்றைய சூழலில் வேறு வழியில்லை’ என்று நமக்கு நாமே ஒரு தீர்ப்பை வழங்கிக் கொண்டோம். வட்டியில் வாங்கிய வண்டியில் ஜும்ஆத் தொழுகைக்குச் சென்று இறங்கியபோது நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அந்த முள் நமக்கு மட்டும் உரியதன்று. இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர் நெஞ்சிலும் அது இருக்கக் கூடும். வட்டி கொடுத்தேனும் வாங்கியே தீர வேண்டிய பொருள்தானா அது என்ற வினாவைக் கடன் வாங்குவதற்கு முன் நாம் எழுப்பவில்லை. எழுப்பியிருக்க வேண்டும்.

மகிழுந்து வந்த பின் நம் வீட்டு அங்காடி முறை மாறிற்று. முன்பு வேண்டும்போது வேண்டிய அளவு வாங்கினோம். பின்பு சனிக்கிழமை மாலை ஒரே தடவையாக வாங்கத் தலைப்பட்டோம். சேலையூரிலிருந்து புறப்பட்டு, மேம்பாலம் ஏறி இறங்கி, சண்முகம் சாலைக்குள் நுழைந்தால் வண்டி ஊர்ந்தது. நிறுத்த இடமின்றி இரண்டு மூன்று சுற்றுகள் வந்தோம். இந்தத் தொல்லை பொறாமல், வண்டி நிறுத்த இடமுள்ள பெரிய அங்காடிகளை நாடினோம். அங்கே தள்ளுகூடை பெரிது. வண்டியின் பின்பெட்டியும் பெரிது. இரண்டையும் நிரப்பாமல் திரும்ப மனம் வரவில்லை. ஒரு கட்டுக் கீரை வாங்கச் சென்று ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கி வந்த நாள்கள் பல. வாங்கிய காய்கறியில் ஒரு பகுதி குளிர்பெட்டியின் அடித்தட்டில் அழுகியது. வீண்விரயத்தைக் கண்டிக்கும் ஒரு சமுதாயத்தில் பிறந்து, வாரந்தோறும் அழுகிய கத்தரிக்காயைக் குப்பையில் கொட்டினோம்.

இவையெல்லாம் பொருளிழப்பு. இவற்றினும் பெரிதாக ஓர் இழப்பு இருந்தது. அதை நாம் ஏழாண்டுகள் வரை உணரவில்லை.

நம் இல்லத்தில் மகிழுந்தை ஓட்டத் தெரிந்தவர் நாம் ஒருவரே. எனவே, அங்காடிக்குச் செல்லும் நாளையும் நேரத்தையும் முடிவு செய்பவரும் நாமே. கறிவேப்பிலை தீர்ந்தாலும், சமையல் நடுவே எண்ணெய் தீர்ந்தாலும், நாம் கல்லூரியிலிருந்து திரும்பும் வரை துணைவியார் காத்திருந்தார். ‘வரும்போது வாங்கி வாருங்கள்’ என்று அவர் சொல்ல, நாம் மறந்து வந்து நின்ற மாலைப்பொழுதுகள் எத்தனையோ! மகிழுந்து வீட்டுக்கு வசதி என்று நினைத்தோம். உண்மையில் அது நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவர்க்குக் காலையும், ஏனையோர்க்குக் காத்திருத்தலையும் கொடுத்தது.

இரண்டு கிலோமீட்டர்க் கணக்கு

2020ஆம் ஆண்டு ஜூன் 19 முதல் சென்னையிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். மளிகையும் காய்கறியும் வாங்க வாகனத்தை எடுக்கலாகாது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள கடைகளுக்கு நடந்தே செல்ல வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அந்நாள்களிலும் நம் தெருவில் அடுப்பு எரியத்தான் செய்தது. அரிசி, பருப்பு, பால், காய், முட்டை, மருந்து அனைத்தும் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே கிடைத்தன. நமக்கு மகிழுந்து தேவைப்பட்டதன் காரணம் கடையின் தொலைவன்று. நம் பழக்கமே என்பது அப்போது வெள்ளிடைமலையாயிற்று. ஆயினும் ஊரடங்கு தளர்ந்ததும் பழைய வழிக்கே திரும்பினோம்.

கணக்கு எளிது. இரண்டு கிலோமீட்டர் செல்ல மிதிவண்டிக்குப் பத்து நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த மாலையில் மகிழுந்துக்கும், நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால், அதற்குக் குறையாது. போக வர நான்கு கிலோமீட்டர். நகர நெரிசலில் ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோல் ஆகின்றது. சென்னையில் பெட்ரோல் விலை 2021ஆம் ஆண்டு ஜூலையில் லிட்டருக்கு நூறு ரூபாயைக் கடந்தது. அவ்விலைக்குக் கணக்கிட்டால் பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கு முப்பத்து மூன்று ரூபாய் எரிபொருள்! எந்திரம் சூடேறாத நிலையில் ஓடும் குறுந்தொலைவுப் பயணங்களில் எரிபொருள் இன்னும் கூடுதலாகவே செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கின்றது. ஐந்து கிலோ பொருளைக் கொண்டுவர ஒரு டன் அளவுள்ள இரும்பை உடன் இழுத்துச் செல்கின்றோம். மிதிவண்டியின் எடையோ இருபது கிலோ அளவே.

மற்றொன்றும் கூறலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. எந்திரத்துள் நீர் புகுந்த மகிழுந்துகள் தெருக்களில் செயலற்று நின்றன. மிதிவண்டியைக் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டால் அது மீண்டும் ஓடும்.

புதுக்கோட்டை தந்த விடை

2024ஆம் ஆண்டு நம் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அரசின் விலையில்லா மிதிவண்டி அவளுக்குக் கிடைத்தது. 2001ஆம் ஆண்டு பட்டியலின, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் அனைவர்க்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. பள்ளிப் பேருந்தில் செல்லும் மகளுக்கு அவ்வண்டி தேவைப்படவில்லை. முன்கூடையோடும் சங்கிலி மூடியோடும் அது மாடிப்படியின் அடியில் தூசி படிந்து நின்றது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் பேசினோம்.

ஒருநாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்து திரும்பியபோது படியடியில் வண்டியைக் காணவில்லை. களவு போயிற்றோ என்று ஐயுற்று வாயிலுக்கு வந்தோம். தெருமுனையில் துணைவியார் மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தார். முன்கூடையில் பால் உறைகளும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் இருந்தன. வாயிலருகே வந்து, தடுமாற்றம் ஏதுமின்றி இறங்கினார்.

“உனக்கு ஓட்டத் தெரியுமா?” என்றோம்.

“பத்து வயசுலேயே தெரியும். நீங்க கேக்கலையே” என்றார்.

அவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1991ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியும் பெண்களுக்கு வழங்கப்பட்டது. வயலில் உழைத்த பெண்கள், கல்குவாரியில் கல்லுடைத்த பெண்கள், சத்துணவுப் பணியாளர், செவிலியர் எனப் பல்லாயிரவர் மிதிக்கக் கற்றனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் மணி ஒலிக்கப் புதுக்கோட்டை நகரில் வண்டிகளில் வலம் வந்தனர். இதழாளர் பி. சாய்நாத் அந்த எழுச்சியை உலகறிய எழுதினார். இளம் முஸ்லிம் பெண்களும் அவ்வியக்கத்தில் மிதிக்கக் கற்றனர் என்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தியாகும். தண்ணீர் கொண்டுவரவும், விளைந்ததைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும், பிள்ளையைப் பின்னால் அமர்த்திப் பள்ளியில் விடவும் அப்பெண்கள் ஆண்துணையையும் பேருந்தையும் எதிர்பார்த்திருக்கும் நிலை மாறிற்று.

அந்த அலையில் தம் சிற்றன்னையோடு சேர்ந்து மிதிக்கக் கற்றவர் நம் துணைவியார். திருமணமாகித் தாம்பரம் வந்தபின் மிதிவண்டியைத் தொடவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெண்ணுரிமை பற்றி மேடைதோறும் முழங்கிய நாம், கறிவேப்பிலைக்கு அவரைக் காத்திருக்க வைத்தோம் என்று எண்ணியபோது நாணம் மேலிட்டது.

அன்று முதல் நம் வீட்டு அங்காடி மீண்டும் மாறிற்று. துணைவியாரும் மகளும் மாறி மாறிச் சென்று அன்றாடத் தேவைகளை வாங்கினர். வாரத்துக்கொருமுறை நாமும் கூச்சத்தோடு வண்டியை எடுத்தோம். கனமான பொருள் கேரியரில் கீழே இருத்தல் வேண்டும். தக்காளியும் முட்டையும் முன்கூடைக்கு உரியன. ஹேண்டிலில் ஒருபுறம் மட்டும் பையைத் தொங்கவிட்டால் வண்டி இழுக்கும் என்று மகளிடம் பாடம் கேட்டோம். அத்தா கற்றுத் தந்ததை மறந்து பேத்தியிடம் கேட்க நேர்ந்தது!

குளிர்பெட்டியின் அடித்தட்டு காலியாயிற்று. தெருமுனைக் கடைக்காரர் அண்ணாச்சி, “பாய் வீட்டம்மா வந்தாங்களே, உளுந்து புதுசா வந்திருக்குன்னு சொல்லச் சொன்னேன்” என்று நம்மிடம் கூறும் அளவுக்கு உறவு வளர்ந்தது. ஏழாண்டுகளாக அக்கடை வாயிலைக் கண்ணாடி ஏற்றிய வண்டியில் கடந்து சென்ற நமக்கு அவர் முகமே அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர்களின் கேள்வி

பள்ளிவாசல் வாயிலில் முதியவர் ஒருவர் நம்மை அழைத்தார். “பேராசிரியர் வீட்டுப் பெண்கள் சைக்கிளில் போவதாகக் கேள்விப்பட்டேன். காரை விற்றுவிட்டீர்களா? ஏதும் கஷ்டமா?” என்றார். அவர் வினாவில் பழிப்பு இல்லை, பரிவே இருந்தது. ஆனால், அப்பரிவுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருந்தது. மிதிவண்டி இல்லாமையின் அடையாளம். மகிழுந்து மதிப்பின் அடையாளம். திருமணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார்க்கு என்ன வண்டி என்று கேட்கும் வழக்கமும் இக்கருத்தின் குழந்தையே.

அவருக்கு நாம் கூற விரும்பும் விடை இது: முஸ்லிம்களின் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பசித்திருந்த குடும்பம் ஒன்றுக்காக நள்ளிரவில் மாவு மூட்டையைத் தம் தோளிலேயே சுமந்து சென்ற வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கின்றோம். தம் சுமையைத் தாமே சுமப்பது இழிவு என்று எண்ணுபவர் அவ்வரலாற்றைச் சொல்வதில் பொருளில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. மகிழுந்து போன்ற நான்கு சக்கர வண்டி இருந்தது 4.7 விழுக்காட்டினரிடமே. இத்தனை பேர் செல்லும் முறையை இழிவென்பது இத்தனை பேரையும் இழிவென்பதே ஆகும்.

கதவு திறந்த கை

இனிக் கூறப்போவது இனிய செய்தியன்று. மிதிவண்டியைப் போற்றி எழுதுவோர் இதை மறைத்தல் அறமாகாது.

ஒரு மாலையில் வேளச்சேரிச் சாலையோரம் நின்றிருந்த மகிழுந்து ஒன்றின் கதவு திடீரெனத் திறந்தது. கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நம் மகள் அதில் மோதிச் சாலையில் விழுந்தாள். இரண்டு கிலோ தக்காளியும் சாலையில் உருண்டது. பின்னால் வந்த பேருந்து தக்க நேரத்தில் நின்றது. அது இறைவன் அருள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். நான்கு வாரம் மாவுக்கட்டு. முதலில் ஓடிவந்து அவளைத் தூக்கியவர் தள்ளுவண்டியில் காய் விற்கும் அம்மையார். நமக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னவர் அண்ணாச்சி. அன்றாடம் அவள் முகத்தைக் கண்டவர்கள் ஆதலின் அவர்களுக்கு அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்தது.

கதவைத் திறந்தவர் கொடியவர் அல்லர். நடுநடுங்கி நின்றார், மருத்துவமனை வரை உடன் வந்தார். அவர் கதவைத் திறக்குமுன் பின்னால் பார்க்கவில்லை, அவ்வளவே. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் எத்தனை முறை பின்னால் பார்த்துக் கதவைத் திறந்திருக்கின்றோம்? ஒருமுறை கடை வாயிலில் நாம் திறந்த கதவில் மோதாமல் இருக்க ஒரு மிதிவண்டிக்காரர் நடுச்சாலைக்கு விலகிச் சென்றதும், அவரை நோக்கி நாமே சினந்து கூவியதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கை நம் கையாகவும் இருந்திருக்கலாம்.

உறவினர் திரண்டு வந்து ஒரே குரலாகக் கூறினர்: “சைக்கிளை முதலில் விற்றுவிடுங்கள்.” நாமும் இசையும் நிலையில்தான் இருந்தோம். மாவுக்கட்டோடு அமர்ந்திருந்த மகள் கேட்டாள்: “அத்தா, கதவைத் திறந்தவர் காரை விக்கச் சொல்லி யாரும் சொல்லலையே. நான் மட்டும் ஏன் சைக்கிளை விடணும்?”

இவ்வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

சாலை யாருக்கு உரியது?

மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாடும் ஒரு காலத்தில் இவ்வினாவை எதிர்கொண்டது. 1971ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓடாத சாலைகளை மக்கள் கண்டனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில் உழைத்து மிதிவண்டிக்குத் தனிப்பாதைகளை அமைத்தனர். அவர்கள் பிள்ளைகளின் மிதிவண்டிகளை விற்கவில்லை, சாலைகளைத் திருத்தினர். மகிழுந்தின் கதவை அதற்கு அண்மையில் உள்ள கையால் திறவாமல் மறு கையால் திறக்கும் வழக்கமும் அங்குண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கின்றார். அவர் இடக்கையால் கதவைத் திறந்தால் உடல் தானே திரும்பும். கண் தானே பின்னால் நோக்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

அயல்நாட்டை மட்டும் காட்ட வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டே எந்திரமில்லாப் போக்குவரத்துக்கெனக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது அறுபது விழுக்காட்டை நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் ஒதுக்க வேண்டும் என்று அது கூறிற்று. கொள்கை காகிதத்தில் அழகாக உள்ளது. அதன் காற்று தாம்பரத்துச் சாலைகளிலும் வீச வேண்டும். இன்று சேலையூரிலிருந்து சண்முகம் சாலைக்கு மிதிவண்டியில் செல்பவர் பேருந்துக்கும் நடைபாதைக் கடைக்கும் இடையே உள்ள நான்கடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டியுள்ளது. மேம்பாலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியுள்ளது. நாகல்கேணித் தோல் ஆலைகளுக்கு மிதிவண்டியில் வரும் தொழிலாளர்க்கும், கட்டட வேலைக்குக் கருவிப்பையைக் கட்டிக்கொண்டு செல்வோர்க்கும் இது அன்றாடத் துன்பம். அவர்களுக்காகப் பேச ஆளில்லாமற் போனதற்குக் காரணம், பேசும் ஆற்றலுடைய நாம் அனைவரும் மகிழுந்தில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டதே எனின் மிகையன்று.

மகிழுந்தை இகழ்வதோ?

நாம் மகிழுந்தை விற்கவில்லை. முழங்கால் வலியால் துன்புறும் நம் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அது வேண்டும். அடைமழையில் வேண்டும். நள்ளிரவில் அண்டை வீட்டார்க்குப் பேறுகால வலி எடுத்தபோது அது உதவிற்று. அன்று அதன் பெயர்க்கு ஏற்ற மகிழ்வைத் தந்தது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் மகிழுந்து கால் போன்றது. அதை ஆடம்பரம் என்று கூறுவார் இலர். நல்ல கால் உடையவர் அரை கிலோ தக்காளிக்கு அதை எடுப்பதே நம் கண்டனத்துக்கு உரியது. உண்மையில் நாம் நம் வண்டியை வீட்டில் விட்டுச் செல்லும்போது, மருத்துவமனைக்கு விரையும் வேறொருவர் வண்டிக்குச் சாலையில் இடம் விடுகின்றோம். ஒரு மகிழுந்து நிற்கும் இடத்தில் எட்டு மிதிவண்டிகளேனும் நிற்கலாம் என்பதைக் கடைவீதி வணிகரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

‘பத்து நிமிடத்தில் வீட்டு வாயிலுக்கே பொருள் வருகின்றதே, மிதிவண்டி எதற்கு?’ என்று மாணவர் கேட்கக் கூடும். அப்பொருள் தானே பறந்து வருவதில்லை. உங்கள் வயதுடைய இளைஞர் ஒருவர் அதே சாலையில், அதே கதவுகளுக்கிடையே விரைந்து வருகின்றார். நம் சோம்பலுக்கு அவர் உயிர் விலையாகலாகாது.

முடிவுரை

எனவே நாம் வேண்டுவன சில. தாம்பரம் மாநகராட்சி வேளச்சேரிச் சாலையிலும் கடைவீதிகளிலும் மிதிவண்டிக்கென ஒரு பாதையையும், அங்காடி வாயில்களில் வண்டி நிறுத்தும் இடத்தையும் அமைத்தல் வேண்டும். நம் கல்லூரியில் மகிழுந்துகளுக்குக் கூரை உண்டு. மாணவர் மிதிவண்டிகள் வெயிலில் நிற்கின்றன. நிருவாகத்தார் இதனைக் கருத்திற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். ஜமாஅத் பெருமக்கள் பைத்துல்மால் நிதியிலிருந்து தேவையுள்ள குடும்பங்களுக்கு மிதிவண்டி வழங்கலாம். அதனால் வட்டிக் கடனும் ஒருவரை அணுகாது. வெள்ளிமேடைகளில் சாலையொழுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லலாம். மாணவக் கண்மணிகளே! நீங்கள் நாளை பொருளீட்டுவீர்கள், மகிழுந்தும் வாங்குவீர்கள். வாங்குமுன், வீட்டில் உள்ள பெண்களுக்கு எது வேண்டும் என்று ஒருமுறை கேளுங்கள். நாம் பதினெட்டு ஆண்டுகள் கேளாமல் இருந்தோம்.

மாவுக்கட்டு பிரித்த ஐந்தாம் நாள் மகள் மீண்டும் வண்டியை எடுத்தாள். முதல் சில நாள்கள் நாமும் அத்தாவின் வண்டியைப் போன்றதொரு பழைய கறுப்பு வண்டியை வாங்கி அவள் பின்னால் சென்றோம். பிறகு அவள், “அத்தா, நீங்க மெதுவா வர்றீங்க” என்று கூறிவிட்டு முன்னே சென்றுவிட்டாள். அவளும் அவளை ஒத்த பிள்ளைகளும் அச்சமின்றி அங்காடிக்குச் சென்று திரும்பும் சாலையை அமைத்துத் தருவது நம் கடன். அக்கடனுக்கு வட்டி இல்லை. ஆனால் தவணை கடந்துகொண்டே இருக்கின்றது. விரைந்து முயல்வோமாக!